கொயினாவும் வாக்குச் சீட்டும்

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்ரகமுவை மாகாணம். மத்திய மலைநாட்டின் தேயிலைச் சிகரங்களிலிருந்து மேல்கரைச் சமவெளியை நோக்கி நிலம் படிப்படியாகத் தாழும் சரிவிலே இம்மாகாணம் கிடக்கின்றது. உயரத்திலே தேயிலை, தாழ்விலே இறப்பர், பள்ளத்திலே வயல். தோட்டமும் கிராமமும் இங்கே ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் காவத்தையிலும் றக்வானையிலும் ஒரு வேலியைத் தாண்டினால் லயம். மறுபுறம் தாண்டினால் சிங்களக் கிராமத்தின் மண்வீடு. இரு பக்கத்தாரும் ஒரே ஆற்றின் நீரைக் குடித்தவர்கள்; ஒரே சந்தையில் அரிசி வாங்கியவர்கள். ஆயினும் 1934ஆம் ஆண்டின் கடைசியில் இந்நாட்டைப் பற்றிய பெருங் காய்ச்சல் தணிந்தபின், இவ்விரு பக்கத்தாருடைய வாழ்வும் இருவேறு திசைகளிலே சென்றன. அவ்வாறு சென்றதற்குக் காரணம் ஒரு சிறு காகிதத் துண்டு. அதன் பெயர் வாக்குச் சீட்டு.

பெருநோய் இலங்கைக்குப் புதிதன்று. 1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் இத்தீவிலும் பல்லாயிரவரைக் கொன்றது. தோட்டப் பகுதிகளையும் அது விட்டுவைக்கவில்லை. எனினும் அந்நோயினால் இந்நாட்டின் ஆட்சிமுறையில் ஒரு துரும்பும் அசைந்ததாகத் தெரியவில்லை. அக்காலத்திலே சட்டநிரூபண சபையில் ‘கற்ற இலங்கையர்’ என்னும் பெயரால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசனம் ஒன்றே ஒன்று. 1911ஆம் ஆண்டில் சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவ்வாசனத்தைப் பெற்றபோது வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தோர் தீவு முழுவதிலும் சுமார் 3,000 பேர். அவர்களுள்ளே நோயால் இறந்தவனுடைய மனைவியில்லை, கூலியாளில்லை, வயற்காரனில்லை. ஆகவே, இறந்தவர்களைக் குறித்துக் கேள்வி கேட்க ஆளில்லாமற் போனது. இறப்புப் பதிவேட்டிலே எண்கள் ஏறின, அவ்வளவே.

பதின்மூன்று ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. டொனமூர்ப் பிரபு தலைமையில் வந்த ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி 1931ஆம் ஆண்டில் சர்வஜன வாக்குரிமை அளிக்கப்பட்டது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களிக்கலாம் என்பது அக்காலத்தில் ஆசியக் கண்டத்துக்கே முன்மாதிரியான ஏற்பாடு. பிரித்தானியாவிலேயே பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை கிடைத்து மூன்றாண்டுகளே கடந்திருந்தன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் நடைபெற்றது.

தோட்டத் தமிழர் விஷயத்தில் மட்டும் அந்த வாசல் முழுவதும் திறக்கப்படவில்லை. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி, இலங்கையைத் தன் நிரந்தர வதிவிடமாகக் கொண்டவன் என்பதை நிலைநாட்ட வேண்டும். அல்லது எழுத்தறிவும் சொத்தோ வருமானமோ உடையவனாதல் வேண்டும். அல்லது ஐந்து வருடம் வசித்து, நிரந்தரக் குடியிருப்பு அத்தாட்சிப் பத்திரம் பெறல் வேண்டும். இவ்வளவு இடுக்கண்களுக்கிடையிலும் 1931இல் சுமார் ஓரிலட்சம் இந்தியத் தமிழர் வாக்காளராகப் பதிவு பெற்றனர். 1939இல் அத்தொகை இரண்டேகால் இலட்சம் வரை உயர்ந்தது. அட்டன் தொகுதியிலிருந்து சென்ற பெரி. சுந்தரம் அவர்கள் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியுமானார். சப்ரகமுவைத் தோட்டங்களின் தமிழ் வாக்குகளோ அட்டனிற்போல் ஓரிடத்திலே திரண்டிருக்கவில்லை. கிராம வாக்குகளுக்கிடையே சிதறிக் கிடந்தன. இந்தச் சிதறலைச் சிந்தையிற் கொள்க. பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ள அது உதவும்.

இனி, காய்ச்சலின் கதை. மலேரியா வறண்ட வலயத்து நோய் என்பதே அந்நாள்வரை பொது எண்ணம். அநுராதபுரத்திலும் வன்னியிலும் அது ஆண்டு முழுவதும் இருக்கும். அங்குள்ளவர்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே அதனோடு போராடி ஒருவித எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தனர். மழை மிகுந்த தென்மேற்குப் பிரதேசத்திலோ ஆறுகள் எப்போதும் பெருக்கெடுத்து ஓடும். ஓடும் நீரில் நுளம்பு முட்டையிடினும் புழு நிலைக்காது. ஆகவே மகா ஓயாவின் கரையிலும் களனி கங்கையின் கிளைகளிலும் வாழ்ந்தவர்கள் மலேரியாவை அறியாதவர்களாகவே இருந்தனர். அறியாமையே அவர்களுக்கு ஆபத்தாயிற்று. 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, மணற்படுக்கைகளுக்கிடையே வெயில் படும் தெளிந்த குட்டைகளாயின. அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்புக்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. ஒக்டோபர் மாதத்தில் தொடங்கிய காய்ச்சல் டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் காட்டுத் தீப்போற் பரவியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களே அதன் நடுக்களம்.

அப்போது இலங்கையின் மக்கள் தொகை ஏறத்தாழ 55 இலட்சம். அவர்களுள் சுமார் 15 இலட்சம் பேரைக் காய்ச்சல் பிடித்தது என்றும், 1935ஆம் ஆண்டின் முற்பகுதி முடிவதற்குள் சுமார் 80,000 பேர் மாண்டனர் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது. இறந்தவருள் குழந்தைகளே மிகப் பலர். குடும்பம் முழுவதும் பாயிற் படுத்துவிட்டால் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. இறந்தவரைப் புதைக்கவும் ஆளில்லை.

நுளம்பு ஒன்றையே குற்றவாளியாக்கிவிடுதல் சரித்திரத்துக்கு நியாயமாகாது. கேகாலைக் கிராமத்தான் காய்ச்சல் வருவதற்கு முன்னரே பட்டினி கிடந்தவன். 1930ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் ஏற்பட்ட பொருளாதார மந்தத்தால் இறப்பர் விலை பாதாளத்துக்குச் சென்றது. 1934ஆம் ஆண்டில் சர்வதேச உடன்படிக்கைப்படி இறப்பர் உற்பத்தி கட்டுப்படுத்தப்பட்டது. வயலைக் குறைத்து இறப்பர்க் கன்று நட்டவனும், அயற்றோட்டத்தில் நாட்கூலிக்குப் பால் வெட்டியவனும் ஒரே சமயத்தில் வருவாய் இழந்தனர். மழை பொய்த்ததால் வயலும் கைவிட்டது. நல்ல உணவுண்ட உடல் மலேரியாவிலிருந்து மீண்டெழும். மாதக்கணக்காக அரைவயிற்றோடு இருந்த உடலில் இரண்டாம் முறை காய்ச்சல் திரும்பியபோது உயிர் நிற்கவில்லை. அரசாங்கப் புள்ளிவிவரங்களில் ‘மலேரியா’ என்று எழுதப்பட்ட மரணங்களிற் பலவற்றைப் ‘பசி’ என்று எழுதியிருப்பினும் பிழையாகாது.

வேலிக்கு அப்பால் இருந்த தோட்டத்தில் நிகழ்ந்ததென்ன? காய்ச்சல் லயங்களுக்கும் வந்தது. ஆனால் கிராமத்தோடு ஒப்பிடுகையில் அங்கே இறப்பு குறைவு. இதனைக் கேட்போர் வியப்படையலாம். லயத்தின் இருட்டறையும் ஒழுகுங் கூரையும் யாவரும் அறிந்தனவே. காரணம் எளிது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம் தோட்டச் சொந்தக்காரர் மீது சில கடமைகளைச் சுமத்தியிருந்தது. தோட்டத்தில் மருந்துச்சாலையும், அதில் ஒரு டிஸ்பென்சரும் இருந்தனர். பெரிய தோட்டங்களுக்கு ஆஸ்பத்திரியும் உண்டு. காலையிற் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணும்போதே வராதவன் யார் என்பது தெரிந்துவிடும். அவன் லயத்துக்குக் கொயினா போய்ச் சேரும். அரிசியும் தோட்டத்தின் வழியாகவே வந்தது. கிராமத்தில் ஒருவன் மூன்று நாள் படுக்கையிற் கிடந்தாலும் அதை எண்ணிப் பார்ப்பவர் எவருமிலர்.

தோட்டத்துரையின் கருணை என்று இதனைக் கொள்ள வேண்டியதில்லை. மண்டபம் முகாமிலே தடுத்து வைத்துப் பரிசோதித்து, கப்பலேற்றி, ரயிலேற்றிக் கொண்டுவந்த உடல்கள் அவை. அவற்றிலே கொழுந்தும் பாலும் இருந்தன. எந்திரத்துக்கு எண்ணெய் இடுவதுபோலத் தொழிலாளிக்குக் கொயினா கொடுக்கப்பட்டது. கொடுத்தது நன்மையே, பல உயிர்கள் பிழைத்தன. ஆயினும் அந்த மருந்து துரையின் மருந்து. அதைக் கேட்டு வாங்கும் உரிமை தொழிலாளிக்கு இருந்ததில்லை. தோட்டக் கணக்கில் இலாபம் குறைந்தால் மருந்தும் குறையலாம் என்பதை எவரும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

அரசாங்கம் கைகட்டி நின்றது என்று சொல்வதற்கில்லை. வைத்திய சுகாதார சேவைகளின் தலைவராயிருந்த பிறையர்கிளிப் என்பவர் நோயின் போக்கை விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். பஞ்சாபில் மலேரியாவைக் கண்டறிந்த அனுபவம் வாய்ந்த கேணல் கில் என்பவரும் அழைக்கப்பட்டார். நிவாரண ஆணையாளராக நியூன்ஹம் நியமனம் பெற்றார். தற்காலிக வைத்தியசாலைகளும் மருந்து கொடுக்கும் நிலையங்களும் திறக்கப்பட்டன. வைத்திய மாணவர்களும் அனுப்பப்பட்டனர். ஆனால் டொனமூர் ஆட்சிமுறையில் ஒரு பெரிய குறை இருந்தது. சுகாதாரத்துக்கு மந்திரி இருந்தார். பணப்பெட்டியின் திறவுகோலோ தேசாதிபதிக்குக் கீழ்ப்பட்ட நிதிக் காரியதரிசியிடம் இருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். மக்கள் தேர்ந்தெடுக்காதவர் செலவைத் தீர்மானிப்பார். இந்த முரண்பாட்டைக் காய்ச்சல் வெட்டவெளிச்சமாக்கியது.

அந்த இடைவெளியிலேதான் சில இளைஞர்கள் ருவன்வெல்லைப் பகுதிக் கிராமங்களுக்குள் நுழைந்தனர். நவம்பர் 11ஆம் நாள் யுத்த நினைவு தினத்தன்று பொப்பிப்பூ விற்ற பணம் பிரித்தானிய யுத்த வீரர் நிதிக்குச் சென்றதைக் கண்டித்து, அதற்குப் பதிலாக உள்நாட்டுப் பூவொன்றை விற்ற இயக்கம் ‘சூரிய மல்’ இயக்கம் எனப்பட்டது. சூரிய மல் என்பது வேறெதுவுமன்று, நம் வீட்டு வேலியிற் பூக்கும் பூவரசம்பூவே. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, கலாநிதி என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் அவ்வியக்கத்தோடு தொடர்புடையவர்கள். பூ விற்றவர்கள் காய்ச்சற் காலத்தில் மருந்துப் பெட்டியைத் தூக்கினார்கள். கொயினா மட்டும் கொடுத்தாற் போதாது, மெலிந்த உடலுக்கு ஊட்டம் வேண்டும் என்று கண்டு, பருப்பும் மாமைற்றும் வீடு வீடாகப் பங்கிட்டனர். மாமைற்றை நாட்டு வைத்தியரின் குளிகைபோல் உருட்டிக் கொடுத்தார்கள். கொழும்பிலே பிறந்து, இலண்டனிலே பொருளியல் கற்றுவந்த என். எம். பெரேராவுக்குக் கிராமத்தார் சூட்டிய பட்டம் ‘பருப்பு மகாத்தயா’. பல்கலைக்கழகம் அளித்த பட்டங்களைக் காட்டிலும் இதுவே அவருக்கு அதிகம் பயன்பட்டது எனலாம்.

ஏனெனில், 1935 டிசம்பர் 18இல் இவ்விளைஞர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினர். மூன்று மாதத்துக்குள்ளாகவே தேர்தல் வந்தது. ருவன்வெல்லைத் தொகுதி பழைய பிரபுக்களின் கோட்டை. 1931ஆம் ஆண்டில் அத்தொகுதியின் பிரதிநிதியாயிருந்த மீதெனிய அதிகாரம் காலமானபின், அவருடைய புதல்வி அட்லின் மொலமூரே அவ்வாண்டு நவம்பரில் இடைத்தேர்தலில் வென்று, அரசாங்க சபையில் அமர்ந்த முதற் பெண்மணியானார். அது பெருமைக்குரிய நிகழ்ச்சியே. எனினும் தந்தையின் ஆசனம் மகளுக்குச் செல்வது பரம்பரை வழக்கத்தின் தொடர்ச்சியுமாகும். ஐந்தாண்டுகளில், இடையிலே காய்ச்சல் வந்து போனபின், அதே தொகுதி ஊருக்கு அயலவரும் நிலபுலமற்றவருமான பருப்பு மகாத்தயாவைத் தேர்ந்தெடுத்தது. அயலிலுள்ள அவிசாவளையிலே பிலிப் குணவர்த்தன வென்றார். சர்வஜன வாக்குரிமை மக்களை மடையர்களின் வாய்ப்பந்தலுக்கு இரையாக்கும் என்று 1928இல் அஞ்சிய கொழும்புக் கனவான்கள் பலர். கேகாலைக் குடியானவன் தனக்கு மருந்து தந்தவன் யார், தராதவன் யார் என்பதை நினைவில் வைத்திருந்தான். அதற்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை.

அதன்பின் நடந்தவற்றைத் தேசிய அபிவிருத்தி என்னும் தலைப்பில் நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. கிராமங்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளும் மருந்துச்சாலைகளும் பரவலாயின, மருத்துவிச்சிகள் அனுப்பப்பட்டனர். 1939இல் வறியோர் சட்டம் வந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1946ஆம் ஆண்டளவிலே டி.டி.ரி. தெளிக்கும் வேலை தீவெங்கும் விரிந்தது. 1946இல் ஆயிரவருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் அடுத்த வருடமே 14 அளவுக்கு இறங்கியது. இப்பெருமை முழுவதையும் டி.டி.ரி.க்கே உரியதாக்குவோர் உண்டு. பத்தாண்டுகளாகக் கட்டப்பட்டு வந்த வைத்தியசாலைகளுக்கும் பங்கீட்டு அரிசிக்கும் இதிற் பங்கில்லையா என்பது வேறு வினா. இத்தீவின் மந்திரிமார் ஒவ்வொருவரும் அடுத்த தேர்தலிற் கிராமத்தானின் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது. பணம் கிராமத்தை நோக்கி நடந்ததற்கு அதுவே தலையாய காரணம்.

தோட்டத்தை நோக்கி அப்பணம் நடக்கவில்லை. 1930-களின் பிற்பகுதியிலே கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டக் குடியிருப்பில் வாழ்ந்த தொழிலாளர் கிராமச் சபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். கிராமச் சபையின் பாதை தோட்டத்தின் எல்லைக்கல் வரை வரும், அங்கே நின்றுவிடும். கிணறும் அவ்வாறே. தோட்டத்துக்குள் உள்ளவை துரையின் பொறுப்பு என்பதே எல்லாக் கேள்விக்கும் விடையாயிற்று.

அபிவிருத்தி தோட்டத்துக்குள் வந்த ஒரு சந்தர்ப்பத்தில் அது தொழிலாளியை வெளியேற்றவே வந்தது. கேகாலை மாவட்டத்திலே உந்துகொடைப் பகுதியில் நேவ்ஸ்மியர் என்னும் தோட்டம் உளது. தமிழர் அதனை உருளவள்ளி என்பர். காணியற்ற கிராமத்தாருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொருட்டு அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. அங்கே தலைமுறையாய் உழைத்த தமிழ்த் தொழிலாளர் 1946ஆம் ஆண்டில் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர். அத்துமீறிக் குடியிருந்தார்கள் என்று அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுக்க, ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைக்குச் செல்லாதிருந்தனர். காணியற்ற கிராமத்தானின் குறை உண்மையானது. அவனுடைய முன்னோரின் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் வெட்டியே தோட்டங்கள் எழுந்தன. ஆனால் அக்குறையைத் தீர்க்கும் செலவு, நிலத்தைப் பறித்த கம்பெனியின்மீது சுமத்தப்படாமல், அங்கே கூலிக்கு வந்தவன்மீது சுமத்தப்பட்டது. கம்பெனிக்கு நட்டஈடு கிடைத்தது. தொழிலாளிக்கு வெளியேறும் கட்டளை கிடைத்தது.

உருளவள்ளியில் ஒரு தோட்டத்துக்கு நேர்ந்தது, ஈராண்டுகளில் ஒரு சமூகம் முழுவதற்கும் நேர்ந்தது. 1947ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. அவற்றுள் ஒன்றேனும் சப்ரகமுவையில் இல்லை. அங்கே சிதறிக் கிடந்த தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணையாயின, ருவன்வெல்லையில் என். எம். பெரேரா மீண்டும் வென்றார். அடுத்த ஆண்டில் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தன. பிரசையல்லாதவனுக்கு வாக்கில்லை, பிரசையென்று நிறுவுவதற்கோ தந்தையின், பாட்டனின் பிறப்புச் சான்று வேண்டும். லயத்திலே பிறந்தவனிடம் அது ஏது? எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்களுள் மிகச் சிலருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. சமசமாஜிகள் அச்சட்டங்களைப் பாராளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியதைக் குறித்தல் நியாயம். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே, மலைநாடு முழுவதிலும் தோட்டத் தமிழர் பிரதிநிதி ஒருவரும் தெரிவாகவில்லை.

ஒரு சமூகத்தின் வாக்கு மறைந்தபின் அதன் ஆஸ்பத்திரிக்கு என்ன நேரும்? உடனே ஒன்றும் நேராது. டிஸ்பென்சர் இருப்பார், கொயினா இருக்கும். பத்தாண்டு, இருபதாண்டு கழித்துத்தான் வேற்றுமை தெரியும். கிராமத்திலே தகுதி பெற்ற வைத்தியர் இருக்கும் வைத்தியசாலை எழுந்தது. தோட்டத்திலோ பழைய மருந்துச்சாலையே நின்றது. கிராமத்துப் பிள்ளை மத்திய மகா வித்தியாலயத்துக்குச் சென்றது. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் 1970-களிலேதான் அரசின் பொறுப்புக்கு வந்தன. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பிறகு. எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. கப்பலேறக் காத்திருப்பவனுக்கு எவர் ஆஸ்பத்திரி கட்டுவர்?

சோதனை 1973, 1974ஆம் ஆண்டுகளில் வந்தது. உலகச் சந்தையிலே எண்ணெய், தானிய விலைகள் ஏறின. இலங்கையிலே அரிசியும் மாவும் அரிதாயின. இம்முறை நுளம்பு வரவில்லை. பசி மட்டும் வந்தது. கிராமத்தான் மரவள்ளி நட்டான், பலாக்காய் பறித்தான், துண்டுக் காணியில் எதையோ விளைத்தான். தொழிலாளிக்கு லயத்தின் வாசற்படிக்கு அப்பால் ஓரடி நிலமும் சொந்தமில்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் மிகக் கூர்மையாக உயர்ந்தது. 1935இல் கிராமம் மாண்டது, தோட்டம் பிழைத்தது. 1974இல் கிராமம் தாக்குப் பிடித்தது, தோட்டம் மாண்டது. நாற்பதாண்டு அபிவிருத்தியின் கணக்கு இவ்விரு வரிகளிலே அடங்கும். அவ்வாண்டிலே இலங்கையின் நிதி மந்திரி கலாநிதி என். எம். பெரேரா, பெருந்தோட்டக் கைத்தொழில் மந்திரி கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. பருப்புப் பொட்டலத்தோடு கிராமத்துக்குள் நுழைந்த அதே கரங்கள். அவர்களுக்கு இரக்கம் அற்றுப் போயிற்று என்று கருதக் காரணமில்லை. லயத்திலிருந்தவர்களுட் பெரும்பாலார் எந்தத் தொகுதியின் வாக்காளர் இடாப்பிலும் இருக்கவில்லை என்பதையே காரணமாகக் கொள்ளல் வேண்டும்.

அதற்கடுத்த பதினைந்தாண்டுகளைச் சுருங்கக் கூறலாம். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் கலவரங்களிலே சப்ரகமுவைத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. குறிப்பாக 1981 ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி, காவத்தை, றக்வானைப் பகுதிகளில் லயங்கள் எரிந்தன. பலர் வவுனியாவுக்கு ஓடினர். வேறு பலர் கப்பலேறினர். எஞ்சியோருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் பிரசாவுரிமையை மீட்டளித்தன. பறித்த உரிமையைத் திருப்பித் தர ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

மலேரியா இதற்கிடையே தன் கதையை முடித்துக்கொண்டது. 1963ஆம் ஆண்டில் தீவு முழுவதிலும் 17 நோயாளரே கண்டறியப்பட்டனர். வெற்றி கிடைத்துவிட்டதென்று காவலைத் தளர்த்தியதால் 1968இலும் 1969இலும் அது ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது. மீண்டும் பல்லாண்டுகள் போராடி, 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது.

கிராமச் சபையின் பாதை நின்ற எல்லைக்கல்லோ மேலும் ஈராண்டுகள் அங்கேயே நின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புக்குச் செலவிடத் தடையாயிருந்தது. தொழிலாளி வாக்களித்தே அச்சபையைத் தேர்ந்தான். அச்சபை அவன் லயத்துக்கு ஒரு மின்விளக்கும் இடமுடியாது. 2018ஆம் ஆண்டில் அப்பிரிவு திருத்தப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரி 10ஆம் நாள் தெரிவான சபைகளே தோட்டத்துக்குள் சட்டப்படி பாதை போடக்கூடிய முதற் சபைகள்.

போடத் தொடங்குமுன் மற்றொரு பெருநோய் வந்தது. 2020 மார்ச்சிலே கொரோனாவால் நாடு முழுவதும் ஊரடங்கிற் கிடந்தபோது கொழுந்து பறிக்கும் வேலைக்கு விலக்களிக்கப்பட்டது. அந்நியச் செலாவணி வேண்டுமல்லவா? மூடிய நாட்டிலே மலைச்சரிவில் மட்டும் கூடைகள் அசைந்தன. ஏப்ரல் 25க்குக் குறிக்கப்பட்ட பொதுத் தேர்தல் இருமுறை தள்ளிவைக்கப்பட்டு ஆகஸ்ட் 5இல் நடந்தேறியது. நோய்க் காலத்திலும் தேர்தலை நடத்த முடியும் என்பதற்கு அது சான்று. நோயினின்றும் மீளுமுன் 2022இல் பொருளாதாரம் சரிந்தது. கப்பலுக்குப் பணமில்லை, உரமில்லை, எரிபொருளில்லை. உணவுப் பற்றாக்குறை தோட்டத்துறையிலேயே மிகுதி என்று உலக உணவுத் திட்டத்தின் ஆய்வுகள் கூறின. 1974ஐ அறிந்தோருக்கு அது புதிய செய்தியன்று.

அந்நேரத்திலே பிரதேச சபைகளின் ஆயுளும் முடிந்தது. 2023 மார்ச் 9ஆம் நாள் நடைபெறவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரியிற் பணமில்லை என்று கூறப்பட்டது, தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டிலே தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பர்ப் பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழர் ஒருவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகிப் பிரதி அமைச்சருமானார். சிதறிக் கிடந்த வாக்குகள் அயற்கிராமத்து வாக்குகளோடு சேர்ந்தே அதனைச் செய்தன. உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6ஆம் நாள் நடைபெற்றது. இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தெரிவு செய்யப்பட்ட சபையின்றிக் கிடந்த எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் காவத்தையிலும், லயத்துக்காரரும் கிராமத்தாரும் ஒரே வாக்குச்சாவடியின் வரிசையிலே நின்றனர். எல்லைக்கல்லுக்கு அப்பாலுள்ள பாதையை இம்முறை எந்தச் சபை எப்போது போடுமென்று வரிசையிலே பேச்சிருந்திருக்கும்.